ஆறரை மணி ஊசி

நர்ஸ் விடுதி, ஜெலாப்பாங்
9.10.1976

நவமணி அக்காவுக்கு சக்கீனா எழுதுவது.

‘அன்புள்ள’ என்று போட மனசு வரவில்லை. போடவில்லை.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு சுங்கை சிப்புட்டில் ஏதோ தோட்ட ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டதை மேட்ரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாலு வருஷம் ஒரே அறையில் படுத்தோம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன அவசரம்? என்ன அவசரமென்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு எனக்குப் பதினெட்டாவது நோன்பு. நம் வார்டில் கிடந்த நல்லம்மாளுக்கு ஆறரை மணிக்கு வலிக்கான மார்பின் ஊசி போட வேண்டும். நீங்கள்தான் சொன்னீர்கள்: “நீ போயி நோன்பு தொற. கஞ்சி ஆறிடும்லா. கையெழுத்த மட்டும் வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்.” மார்பின் கணக்குப் புத்தகத்தில் எதற்கு இரண்டு பேர் கையெழுத்து? ஒருத்தி எடுப்பதையும் போடுவதையும் இன்னொருத்தி கண்ணால் பார்க்கத்தானே? நோன்பு மாசம் பூராவும் நான் பார்க்காமலே கையெழுத்து வைத்தேன். நீங்கள் எனக்கு நல்லது செய்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்களை அப்படி நம்பினேன்.

திரும்பி வந்தபோது நல்லம்மாளுக்கு முகம் துடைத்துத் தாடையைக் கட்டி வைத்திருந்தீர்கள். புத்தகத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு குப்பி போயிருந்தது. ஒன்று போட்டது. இன்னொன்று ‘கை தவறி உடைந்தது’ என்று எழுதி, அதற்கும் என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நானும் மாடு மாதிரி போட்டேன். அப்புறம்தான் தரையைத் தேடினேன். ஒரு சில்லுகூட இல்லை. தட்டில் இரண்டு காலிக் குப்பி கிடந்தது, இரண்டும் கழுத்தில் அழகாக ஒடித்தது.

மூன்று நாளாக அவள் உங்களிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது வார்டுக்கே தெரியும். “ரெண்டா போட்டு என்னை அனுப்பிவுட்டுரு மிஸ்ஸி.” கன்னத்தில் புற்று வந்து ஓட்டை விழுந்தவள் கேட்பாள். கேட்டால் கொடுத்துவிடுவதா? உயிரைக் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறான், எடுக்கிற வேலையும் அவனுடையது. நமக்கு யார் அந்த வேலையைக் கொடுத்தார்கள்? நீங்கள் செய்தது கொலை அக்கா. இரக்கப்பட்டுச் செய்தாலும் கொலைதான்.

மேட்ரனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் புத்தகத்தில் என் பெயரும் இருக்கிறதே!

சக்கீனா


சுங்கை சிப்புட்
30.10.1976

உ

அன்புள்ள தங்கச்சி சக்கீனாவுக்கு,

இங்கே மழை விட்டபாடில்லை. எனக்குக் கொடுத்திருக்கிற வீட்டில் அடுப்படி ஒழுகுகிறது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டேன். உனக்குக் கொஞ்சம் பொட்டலம் கட்டினேன், அப்புறம் நீ வாங்குவாயோ மாட்டாயோ என்று அனுப்பவில்லை.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். நீ சொன்னதற்கு ஆமாம் என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை. உன் பேரை அதில் இழுத்துவிட்டது என் தப்பு. அதற்கு மட்டும் உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

நல்லம்மாளின் மகள் காளியம்மா வந்திருந்தாள். அன்றைக்கு ஏழரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாளே, அவள்தான். இவர்களும் இந்தத் தோட்டம்தான், உனக்குத் தெரியும். வாசலிலேயே என் காலில் விழுந்துவிட்டாள். “எங்கம்மா மொகத்தப் பாத்தேன் மிஸ்ஸி, தூங்குற மாரி இருந்துச்சு. நீங்கதான் அனுப்பிவச்சிங்க, எனக்குத் தெரியும். வெளிய சொல்ல மாட்டேன்” என்றாள். சொல்லாமல் இருப்பாளா? லயத்து வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நவமணி


குனோங் ராபாட்
11.2.1983

நவமணி அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். நான் கல்யாணம் கட்டி குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பெயர் நைனா முகம்மது, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வேலை அதே ஆஸ்பத்திரிதான், புற்றுநோய் வார்டுக்கு இப்போது நான் சிஸ்டர்.

விஷயத்துக்கு வருகிறேன். காளியம்மா என் வார்டில் படுத்திருக்கிறாள். அம்மாவுக்கு வந்த அதே நோய், அதே கன்னம். வாய் பாதிதான் திறக்கிறது. பேசுவது பழகினவர்களுக்குத்தான் புரியும். ஆனால் அக்கா, இப்படிப் பயமே இல்லாத நோயாளியை நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள்தான் காரணம் சொன்னாள். “நவமணி மிஸ்ஸி வருவாங்க. எங்கம்மாவுக்குச் செஞ்சத எனக்கும் செய்றேன்னு சொல்லியிருக்காங்க. அதனால எனக்கு சூசா இல்ல, கவலை இல்ல.”

முன்னால் இதைக் கேட்டிருந்தால் நேராக உங்கள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருப்பேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. என்ன தெரியும் எனக்கு? இந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார்கள் தெரியுமா? டாக்டர் ரவுண்டு வந்து, இவ்வளவு போதும், பழகிவிடும், என்று எழுதிவிட்டுப் போவார். கதறலைக் கேட்பது நாம். அந்த நேரமெல்லாம் எனக்கு நல்லம்மாள்தான் ஞாபகம் வருவாள். ஒருத்தியாவது நிம்மதியாகப் போனாளே, ஒரு நர்ஸுக்காவது அந்தத் துணிச்சல் இருந்ததே என்று நினைத்துக்கொள்வேன். உங்களைத் திட்டி எழுதினதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன்.

என் கையால் நான் செய்ய மாட்டேன். நாளைக்கு அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் வந்தால் தடுக்க மாட்டேன். இந்தத் தடவை பக்கத்தில் நின்று, பார்த்தே கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் வாருங்கள்.

சக்கீனா


சுங்கை சிப்புட்
19.2.1983

உ

அன்புள்ள சக்கீனாவுக்கு,

உனக்குக் கல்யாணம் ஆனதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நல்லா இருக்கணும்.

நான் வரவில்லை. என்னைக் கூப்பிடாதே.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இந்த ஊரில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? நல்ல ஊசி போடுகிற மிஸ்ஸி. வருஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் வருகிறார்கள். கோழியோடு வருகிறார்கள், தேங்காய் பழத்தட்டோடு வருகிறார்கள். லாரி ஓட்டுகிற சீனி, அவன் அப்பனுக்காக என் வாசலிலே அரை நாள் உட்கார்ந்திருந்தான். “நல்லம்மாளுக்கு மட்டும் செஞ்சிங்க. நாங்க என்ன மிஸ்ஸி பாவம் பண்ணோம்?” என்றான். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். இப்போது அவன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

காளியம்மாவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. போன வருஷம் கன்னத்தைக் காட்டி, “எனக்கும் செய்வீங்கல்ல?” என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டேன். அழுதுகொண்டிருந்தவளிடம் வேறு என்ன செய்ய?

நீயும் ஒன்று யோசி. உன் கை செய்தால் பாவம், என் கை செய்தால் பாவம் இல்லையா? உன் மார்க்கம் உன்னை மட்டும்தான் தடுக்குமா? கோபித்துக்கொள்ளாதே, மனசில் பட்டதைக் கேட்டேன்.

நவமணி


குனோங் ராபாட்
23.2.1983

அக்கா,

கேட்டது சரிதான். எனக்குச் சுருக்கென்று பட்டது.

ஆனால் காளியம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? சனிக்கிழமை நீங்கள் வருவீர்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, என்னைத் தலை சீவிவிடச் சொன்னாள். விசிட்டர் மணி அடித்ததிலிருந்து முடிகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆள் ஆயிரம் பேருக்குக் கதவைச் சாத்துங்கள், நான் கேட்கவில்லை. அம்மாவுக்குச் செய்துவிட்டு, தலையை வேறு ஆட்டிவிட்டு, மகளை இப்படிக் காக்க வைப்பது என்ன நியாயம்? அன்றைக்கு வந்த துணிச்சல் இன்றைக்கு எங்கே போனது?

சக்கீனா


சுங்கை சிப்புட்
27.2.1983

உ

சக்கீனா,

எழுதிவிடுகிறேன். இதற்கு முன்னால் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

அந்தத் துணிச்சல் எனக்கு அன்றைக்கும் வரவில்லை. நல்லம்மாளுக்கு நான் ஒன்றும் போடவில்லை.

செய்வது என்றுதான் போனேன். அது உண்மை. நீ போனதும் திரையை இழுத்தேன். இரண்டு குப்பியையும் ஒடித்து ஒரே சிரிஞ்சில் ஏற்றினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் நல்லம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். எங்கேயோ பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி, “சரி வாரேன் மிஸ்ஸி” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கையில் ஊசியைக் குத்த என்னால் முடியவில்லை. போய்த் தொட்டியில் அத்தனையையும் பீச்சிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

பாதியைக் கொட்டிவிட்டுப் பாதியைப் போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். அந்தப் பாதி டாக்டர் எழுதினது, அவளுக்கு உரியது. வலி தாங்காமல் ஆறரை எப்போது அடிக்கும் என்று காத்திருந்தவள். எனக்கு அந்த நேரம் பயம்தான் இருந்தது. ஒன்றைப் போட்டு, அதிலே தற்செயலாக உயிர் போய்விட்டால் நான்தான் கொன்றேன் என்பார்களே என்ற பயம். எனக்காகப் பயந்தேன் சக்கீனா, அவளுக்காக இல்லை.

பயம் தெளிந்து இன்னொரு குப்பி எடுக்கலாம் என்றால் உன் கையெழுத்து வேண்டும். உன்னைக் கூப்பிட்டு என்ன சொல்வேன்? இரண்டு குப்பியைத் தொட்டியில் ஊற்றினேன் என்றா? நீ கஞ்சி குடித்துவிட்டு வரட்டும், அதற்குள் ஏதாவது யோசிக்கலாம் என்று நின்றேன். ஐம்பது நிமிஷம். போர்வையை வாயில் திணித்துக் கடித்தாள். “போட்டியா? போட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போட்டாச்சு, மருந்து இப்ப கேக்கும், இப்ப கேக்கும் என்று சொன்னேன். கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? கடைசியில் கன்னத்து ஓட்டை வழியாக ரத்தம் கொட்டி முடிந்துபோனாள். நீ பார்த்த முகம் நான் கழுவித் துடைத்து வைத்த முகம்.

நீ கொலைகாரி என்று எழுதினபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் செய்ததற்கு அந்தப் பெயர் எவ்வளவோ மேல். காளியம்மா காலில் விழுந்தபோதும் அதனால்தான் மறுக்காமல் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

இனி என்னை என்ன சொன்னாலும் சரி.

நவமணி


குனோங் ராபாட்
2.3.1983

நவமணி அக்கா,

பாவி! ஒன்றையாவது போட்டிருக்கலாமே!

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். முதலில் உங்களை வெறுத்தேன், நீங்கள் செய்யாததற்காக. அப்புறம் மெச்சினேன், அதுவும் நீங்கள் செய்யாததற்காக. ஆறு வருஷம் அந்த வார்டில் எனக்கு இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டீர்கள். இரண்டு ஊசி போட்டிருந்தால்கூட உங்களை மன்னித்திருப்பேன் போலிருக்கிறது. எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

சரி. காளியம்மாவிடம் உண்மையை நீங்களே வந்து சொல்லுங்கள். அவளுடைய அம்மா எப்படிச் செத்தாள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருக்கிறது. கிடைக்காத ஒன்றுக்காக அவள் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பகல் வேலை. வாருங்கள்.

சக்கீனா


சுங்கை சிப்புட்
8.3.1983

சக்கீனா,

நீ கட்டிலின் காலடியில் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தாய். எனக்குத் தெரிந்தது. ஆனால் என்னைக் கண்டதும் அவள் முகம் எப்படி ஆகிவிட்டது, பார்த்தாயா? கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பன்னு நீங்களே முடிவு பண்ணுங்க மிஸ்ஸி, நான் கேக்க மாட்டேன்” என்கிறாள். நான் எப்படிச் சொல்வேன்? ஆரஞ்சை உரித்துச் சாறு பிழிந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

திட்டாதே. என்னால் முடியாது.

நவமணி


குனோங் ராபாட்
20.3.1983

அன்புள்ள நவமணி அக்காவுக்கு,

காளியம்மா வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தவறிவிட்டாள். தோட்டத்தில் உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். எப்படி என்பதை நான் சொல்கிறேன்.

நீங்கள் ஆரஞ்சு பிழிந்து கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து, நான் ஒவ்வொரு ஊசிக்குப் போகும்போதும் அவள் கேட்பாள்: “இதுவா மிஸ்ஸி?” இல்லக்கா, இது வலிக்கு, என்பேன். சரி என்று கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. டாக்டரோடு சண்டை பிடித்து ஆறு தடவையாக்கினேன், மருந்தையும் கூட்டி எழுத வைத்தேன். மேட்ரன் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார், கண்டிக்கட்டும். வலி கொஞ்சம் அடங்கியது. கேள்வி அடங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி ஊசி. அன்று காலையிலிருந்து எச்சில்கூட விழுங்க முடியவில்லை அவளுக்கு. “இதுவா?” என்றாள். அவள் அம்மா கதையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் அக்கா, சத்தியமாகத் திறந்தேன். “ஆமாக்கா, இதுதான்” என்று வந்துவிட்டது.

என்னையே பார்த்தாள். “நவமணி மிஸ்ஸி சொல்லிட்டாங்களா?” சொல்லிட்டாங்க என்றேன். மகளைக் கூப்பிடச் சொன்னாள். “கோழியப் பொழுதோட அடச்சிரு” என்று அவளிடம் சொன்னாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லா இருங்க மிஸ்ஸி” என்றாள். நான் ஊசி போட்டேன். பழனியப்பன் டாக்டர் எழுதினது எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு சொட்டும் கூடுதல் இல்லை. எனக்குக் கீழே இருக்கிற நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள். காளியம்மாவின் நெற்றிச் சுருக்கம் எல்லாம் விட்டுப்போய்விட்டது. அப்படியே தூங்கினாள். அதற்கப்புறம் அவள் கண் விழிக்கவில்லை. அடுத்தடுத்த ஊசியும் எழுதினபடிதான் போட்டோம். மறுநாள் காலை மூச்சு நின்றது.

நான் அவளைக் கொல்லவில்லை. ஆனால் நான் கொல்கிறேன் என்று நம்பி, அதற்கு என்னை வாழ்த்திவிட்டுப் போனாள். இதை மறுமையில் எந்தக் கணக்கில் வைத்துக் கேட்பார்கள்? ஹஜ்ரத்திடம் கேட்கலாம் என்று வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் வரைக்கும் போனேன். என்னவென்று கேட்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். உங்களைக் கோழை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நானும் உங்களைவிடத் துணிச்சலாக ஒன்றும் செய்துவிடவில்லை. இதைத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. அவள் மகள் பாப்பாவுக்காக.

உடம்பைத் துணி சுற்றி வேனில் ஏற்றும்போது அந்தப் பெண் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “பாட்டிக்கு நவமணி மிஸ்ஸி, அம்மாவுக்கு நீங்க. எனக்கும் ஒரு நாளு வந்தா உங்ககிட்டதான் வருவேன். பயமில்ல மிஸ்ஸி” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். இருபத்திரண்டு வயசுதான் ஆகிறது. துப்பிவிட்டு வாயைத் திற என்றேன். வலது கன்னத்து உள்பக்கம், நகக்கண் அளவுக்கு, வெள்ளையாக ஒரு படை.

வலிக்கிறதா என்றேன். இல்லையே என்றாள். செவ்வாய்க்கிழமை வா, டாக்டர் பார்க்கட்டும், இப்போது வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றேன். “பால்மரம் வெட்டுற வேலைய விட்டுட்டு யாரு வாரது மிஸ்ஸி? வந்தா பாத்துக்கலாம்லா, அதான் நீங்க இருக்கிங்கல்ல” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள்.

அவள் வர மாட்டாள் அக்கா. அவளுக்குப் பயம் இல்லை. அந்தப் பயத்தைப் போக்கினது நீங்களும் நானும்.

நான் சொன்னால் நம்ப மாட்டாள். நான்தானே அவள் அம்மாவை நல்லபடியாக அனுப்பினவள்! நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் லயத்துக்குப் போங்கள். அந்த ஐம்பது நிமிஷத்தை எனக்கு எழுதினீர்களே, அதை அவளிடம் சொல்லுங்கள். போர்வையைக் கடித்ததை, ரத்தம் கொட்டினதை, எதையும் விடாமல் சொல்லுங்கள். அழட்டும். உங்களைக் காறித் துப்பட்டும். ஊரில் உங்கள் பெயர் நாறட்டும். நல்ல ஊசி என்று ஒன்று யாரிடமும் இல்லை என்று தெரிந்து, அவளுக்குக் குலை நடுங்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் அவளை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் வாசலில் நிற்பேன்.

சக்கீனா